தோல் டிரசரின் தோம்புத் தண்ணி

பழத்தை நம்மிடமே விட்டுவிட்டுத் தோலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அந்த ஒருவரும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே டிரசராக வந்து சேர்ந்தார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எண்பதுகளில் கோலா சிலாங்கூர் பக்கம் ரம்புத்தான் தின்றிருக்க மாட்டார்கள். தின்றிருந்தால் பஸ் ஸ்டாப்பிலோ சந்தை வாசலிலோ வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எதிரே வந்து நின்று, "மெதுவா சாப்பிடுங்க, அவசரமே இல்ல. தோல மட்டும் கீழ போட்டுறாதீங்கலா" என்று கெஞ்சியிருப்பார்.

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊசி, கட்டு, பிரசவம், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாவற்றுக்கும் டிரசர்தான். இவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகக் குப்பை கொட்டிய எனக்கே அது மறந்துவிட்டது. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளிலிருந்து வெள்ளைக்காரத் துரை போனபின் வந்த நம்மூர்த் துரை வரைக்கும் எல்லாருக்கும் அவர் தோல் டிரசர்தான்.

கையில் எப்போதும் ஒரு சீனிச் சாக்கு. கல்யாண வீடு, காது குத்து, கோயில் திருவிழா, எங்கே போனாலும் அது கூடவே போகும். கருமாதி வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும்போதும் சாக்கு கனமாகத்தான் இருக்கும். சீனப் பெருநாள் வந்தால் மனிதருக்குத் தலைகால் புரியாது. ஊரெல்லாம் ஆரஞ்சு உரிக்குமே! சீனர் கடைகளில் ஏறி இறங்கி, வாழ்த்துச் சொல்லி, கொடுத்த ஆரஞ்சை அங்கேயே உரித்து, சுளையைக் கடைக்காரர் பிள்ளையின் வாயில் திணித்துவிட்டுத் தோலோடு வெளியே வருவார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மதியச் சாப்பாடு போயிற்று.

"பழத்துக்குள்ள என்னா இருக்கு? சீனித் தண்ணி! ஈ, எறும்பு, பூசணம், கிருமி எல்லாத்துக்கும் அதுதானே வேணும்? ஆனா மரத்துல அம்மாம் நாளு தொங்குதே, கெட்டுப் போவுதா? ஏன் போவல? தோலு காவல் இருக்கு தம்பி! அந்தக் காவக்காரன் கிட்ட ஏதோ ஒரு மருந்து இருக்கு. நாம என்னா செய்யறோம்? உள்ள இருக்கறத தின்னுட்டு காவக்காரன தூக்கி குப்பையில போடுறோம். நமக்கு மூள இருக்கா?"

"இல்ல" என்றேன். பசி.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவருடைய தொழிற்சாலை. மங்குஸ்தீன் தோல், ரம்புத்தான் தோல், ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை எல்லாம் தகரக் கூரை மேல் காயும். காய்ந்ததை உரலில் இடிப்பார், ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து ஊறவைப்பார், காயத்துக்குக் கட்டும் துணியில் வடிகட்டுவார். வடித்ததைச் சோயா கிச்சாப் வந்த பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் ஊற்றி மூடுவார். பீப்பாயை எங்கள் பக்கம் தோம்பு என்போம். எங்களுக்கு அது தோம்புத் தண்ணி. அவருக்கு அமிர்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் கறார். "புண்ணுக்கு கவர்மெண்டு மருந்துதான். என் தண்ணி தரைக்கும் துணிக்கும். பெரிய ஆராய்ச்சிக்காரங்க பாத்து சரின்னு சொல்லட்டும், அப்புறம் ஒடம்புக்கு யோசிக்கலாம்." குடிக்கக் கேட்டு வந்த நாலைந்து பேரைத் துடைப்பத்தோடு துரத்தியிருக்கிறார். ஸ்பிரிட் வாசம் அப்படி.

கிருமி சாகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? அங்கேதான் அகர் அகர் வந்தது. நம் வீட்டில் பெருநாளைக்குச் சிவப்பும் பச்சையுமாகச் செய்து வெட்டி வைப்போமே, அதே அகர் அகர்தான். சீனி போடாமல் கோழி சூப்பில் காய்ச்சி, தேத்தண்ணி சாசர்களில் ஊற்றி உறைய வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அழுக்கைத் தொட்டு வைத்தார். ஒன்றில் சமையல்காரி கை, ஒன்றில் என் சீப்பு, ஒன்றில் ஜாம்பான் கதவுக் கைப்பிடி. ஜாம்பான் என்றால் காலையில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடும் இடம்; அதற்கு மேலும் புரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளவும்.

அந்த நேரம் பார்த்துக் காட்டில் ஒருவனுக்குக் கையில் வெட்டு என்று ஆள் ஓடிவர, சாசர்களை ஊசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு டிரசர் ஓடினார். எங்கள் பெரிய கிராணி வெயிலில் வந்தார். பெரிய கிராணிக்கு உலகத்தில் எந்த ஃபிரிட்ஜைக் கண்டாலும் திறந்து பார்க்க வேண்டும். திறந்தார். ஒரு சாசரைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது டிரசர் திரும்பி வந்தார்.

"அகர் அகருல யாருய்யா உப்ப போட்டது?" என்றார் பெரிய கிராணி.

டிரசர் முகத்தில் ஈயாடவில்லை. "எந்தத் தட்டு?"

"எந்தத் தட்டா இருந்தா என்னாலா?"

டிரசர் மிச்சச் சாசர்களைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், பெரிய கிராணியின் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார். "ஒன்னுமில்லண்ணே. கதவுதான். நாளைக்கு காலையில எப்படி இருக்குன்னு மட்டும் வந்து சொல்லுங்க."

பெரிய கிராணி காலையில் வரவில்லை. வர முடியாத இடத்தில் இருந்தார். டிரசர் நல்ல மருந்தாகக் கொடுத்து அவரை எழுப்பி உட்கார வைத்ததும் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, தின்ற சாசரைக் கழுவி வைக்க முடியுமா என்பது.

ஆனால் அடுத்த தடவை வைத்த தட்டுகள் வேலை செய்தன. எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு விடிகாலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியான மண்டோர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்க, ரப்பர் பால் வெட்டப் போகும் ஜனமெல்லாம் வாளியோடு நிற்க, ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"வளையம்! வளையம் வந்திருச்சி!"

டிரசர்! இடுப்பில் கைலி, கையில் சாசர், காலில் செருப்பு இல்லை. ஓடி வந்து மண்டோர் மூக்குக்கு நேரே நீட்டினார். சாசர் முழுக்க வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் கிருமி வளர்ந்திருந்தது. நடுவில் தோல் தண்ணியில் நனைத்த மை ஒற்றும் தாள் ஒரு துண்டு. அந்தத் தாளைச் சுற்றி, துடைத்துவிட்ட மாதிரி, ஒரு வட்டம் சுத்தமாக இருந்தது.

"பாருங்க! கிட்ட வர பயப்படுது பாருங்க! மங்குஸ்தீன் தோலுய்யா! குப்பையில கெடந்த தோலு!"

மண்டோர் மோந்து பார்த்தார். "கெட்டுப்போன அகர் அகரு. இதுக்கா பெரட்டு நேரத்துல ஓடியாந்தீங்க?"

"ஐயோ சாமி, உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்!" என்று டிரசர் அந்த இடத்திலேயே குதித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நானும் குதித்தேன். அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் குதித்திருப்பீர்கள்.

அதன் பிறகு அவர் கண்ணில் பட்டதெல்லாம் தோம்புத் தண்ணியில் குளித்தது. மழைக்காலத்தில் எங்கள் ரப்பர் பூட்ஸ் நாறும், உள்ளே பூசணம் பூக்கும். ஆபீஸ் வாசலில் கிடந்த எல்லாப் பூட்ஸுக்குள்ளும் ஊற்றி வைத்தார். நாற்றம் போனது நிஜம். மங்குஸ்தீன் தோல் கறை எப்படிப்பட்டது என்று மனிதர் யோசிக்காததும் நிஜம். கணுக்கால் வரைக்கும் நாங்கள் எல்லாரும் கருஞ்சிவப்பாகிவிட்டோம். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம், கல்லில் தேய்த்தோம். கறை அசையவில்லை.

அடுத்த வாரம் எனக்கு ஜெராமில் பரிசம்!

பெண் சரசு. அப்பா இல்லை, மீன் வியாபாரம் செய்த தாய்மாமன்தான் வளர்த்தவர். மீன்கார மாமா வாசலில் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். வீடே என் காலைப் பார்த்தது.

"தம்பிக்கு கால் மட்டும் வேற நிறமா இருக்கே. பரம்பரை வியாதியா?"

என் அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. கூட வந்திருந்த டிரசர் எழுந்து, வியாதியில்லை என்று என் காலைத் தூக்கிக் காட்டி அரை மணி நேரம் பேசினார். மாமா நம்பினாரோ அலுத்துப் போனாரோ, கடைசியில் வெற்றிலைத் தட்டை மாற்றினார். ஆனால் ஒரு விரலை ஆட்டிச் சொன்னார்: "அப்பன் இல்லாத புள்ள. நாளைக்கு ஊரு என்னைத்தான் கேக்கும். கல்யாணத்தன்னிக்கு ஒரு அபசகுனம் கண்டேன், அப்படியே பொண்ண கூட்டிக்கிட்டு ஜெராமுக்கு போய்க்கிட்டே இருப்பேன்." கதவு இடுக்கில் சரசு என் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்தாயிற்று. இந்தப் பெண் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் புலம்பினேன். டிரசர் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார்.

கல்யாணம் எங்கள் தோட்டத்து ஹாலில். அதில் உரமூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், கூரையில் வௌவால் குடித்தனம். மூட்டையை எடுத்த பிறகும் உள்ளே போனவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். டிரசருக்கு வந்ததே சந்தோஷம்! "ஒரு முழு ஹாலு தம்பி! இது வரைக்கும் பூட்ஸுதான், வாளிதான். ஹாலு கெடச்சதே இல்ல!"

இருந்த தோம்புகளையெல்லாம் உருட்டி வந்தார். சுவர், தரை, பெஞ்சு, மணவறைப் பலகை எல்லாம் கழுவினார். இந்தத் தடவை மங்குஸ்தீன் அதிகம் வேண்டாம் என்று நான் காலைப் பிடித்ததால் ஆரஞ்சும் எலுமிச்சையும் தூக்கலாக விட்ட தண்ணி. ஒரே ஒரு தோம்பைத் தொடவில்லை. அது எல்லாத் தோலும் சேர்த்து, ஒரு வருடத்துக்கு மேல் பாடுபட்டு இறக்கிய கெட்டிச் சாறு. கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்காரர், "திங்கட்கிழமை கொண்டாங்க, சோதிச்சுப் பார்க்கிறேன்" என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தார். லோரி ஹால் பக்கம்தான் வரும் என்பதால் அந்தத் தோம்பு வாசலில் காத்திருந்தது. போகிறவன் வருகிறவனிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டினார்.

கல்யாணக் காலை. உள்ளே நுழைந்த மீன்கார மாமா நின்றார். மூச்சை இழுத்தார். ஜெராமில் பொழுதெல்லாம் மீன் வாடையோடு வாழ்ந்த மூக்கு.

"என்னாலா இது! இப்படி ஒரு சுத்தத்த நான் பாத்ததே இல்ல. ஒரு ஈ இல்ல! யாரு செஞ்சது?"

எனக்கு மணவறையில் உட்கார்ந்தபடியே உச்சி குளிர்ந்தது. டிரசர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். யாராவது ஒருவர் கேட்க மாட்டாரா என்று வருடக்கணக்காகக் காத்திருந்த மனிதர்!

"நான்தாங்க! எல்லாம் பழத்தோலு! ஆரஞ்சு சீனப் பெருநாளுல சேத்தது. மங்குஸ்தீன் கோலா சிலாங்கூர் சந்தையில."

"எலுமிச்ச வாசம் தூக்குதே. இம்புட்டு எலுமிச்சைக்கு எங்க போனீங்க?"

நான் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். இருமினேன். மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எலுமிச்சைக்கு கஷ்டமே இல்லங்க! வெள்ளிக்கிழம ராத்திரி எல்லாரும் திருஷ்டி சுத்தி முச்சந்தியில வெட்டிப் போடுறாங்கல்ல? காலையில போனா ஒரு சாக்கு கெடைக்கும். குங்குமத்த கழுவிட்டா தோலு அருமையான தோலு!"

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

முதலில் கத்தியது ஜெராம்காரர்கள் இல்லை, எங்கள் தோட்டத்து ஜனம்தான்.

"அடப்பாவி மனுசா! என் மருமவ மசக்கைக்கு சுத்திப் போட்டதும் இதுலதான் இருக்கா?"

"என் புது மோட்டருக்கு சுத்துனது!"

"என் மாட்டுக்கு!"

பெரிய கிராணி எழுந்து, "எனக்கு வயித்தால போனப்ப சுத்துனதும் இங்கதான் இருக்கும்" என்றார். அவருக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

மாமாவுக்குக் கண் சிவந்தது. "ஊருல உள்ள கண்ணையெல்லாம் கரைச்சு என் புள்ள ஒக்கார்ற பலகையில ஊத்தி வெச்சிருக்கீங்க!"

டிரசர் இங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "கண்ணாவது மண்ணாவது! அப்படி ஒன்னு இருந்தா தட்டுல வளரணும்லா? வாங்க, ஒரு அகர் அகர் காய்ச்சி..."

"சரசு! எறங்கும்மா. கெளம்பு."

என் அம்மா மாமாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மண்டோர் கெஞ்சினார். மாமா அசையவில்லை. கல்யாணம் நடத்திவைக்க வந்த பண்டாரம், முகூர்த்தம் போகிறது, முகூர்த்தம் போகிறது என்று முணுமுணுத்தார். பட்டுச் சேலையைப் பிடித்துக்கொண்டு சரசு எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். மை கன்னத்தில் வழிந்தது. எழுந்தவன் அப்படியே நின்றேன்.

டிரசர் அவளைப் பார்த்தார். அவர் கை அந்தரத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது, அப்படியே கீழே இறங்கியது.

"ஐயா, நில்லுங்க" என்றார். குரலே மாறியிருந்தது. "நான் பேசுனது தப்பு. கண்ணு இருக்கு."

திருஷ்டி என்று ஒன்று இல்லவே இல்லை எனச் சாகும் வரைக்கும் சாதிப்பேன் என்று கோயிலிலேயே சத்தியம் செய்த மனிதர்! மண்டோர் என்னைப் பார்த்தார், நான் மண்டோரைப் பார்த்தேன்.

"இருக்குய்யா. நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா தரையில இருக்கறது சும்மா கழுவுன தண்ணி. கண்ணு மொத்தமும் வாசல்ல இருக்கற தோம்புல எறங்கி நிக்குது. பண்டாரம், பொறுக்குனவன் நான். நானே தலையில ஊத்திக்கிட்டா மத்தவங்கள விட்டுருமா, விடாதா?"

பண்டாரத்துக்கு அப்படி ஒரு சாஸ்திரம் தெரியாது. ஆனால் பாயச வாசம் அடித்துக்கொண்டிருந்தது. "விட்டுரும்" என்றார். பிறகு தெம்பாக, "கண்டிப்பா விட்டுரும்! தரைக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சா போதும்!"

நான் மாலையோடு வாசலுக்கு ஓடினேன். "டிரசர் ஐயா, அது கோலாலம்பூர் தோம்பு!"

"எனக்கு தெரியாதாலா? போய் ஒக்காரு. நேரம் போவுது."

மூடியைத் திறந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். வெள்ளைச் சட்டை கருஞ்சிவப்பானது. காது, கழுத்து, மீசை எல்லாம் கருஞ்சிவப்பு. ஒவ்வொரு வாளிக்கும், "வந்திருச்சி, எல்லாம் எங்கிட்ட வந்திருச்சி" என்று ஊர் கேட்கச் சொன்னார். அடி வண்டல் தெரியும் வரை விடவில்லை. கடைசி வாளியை ஊற்றுமுன் மட்டும் கண்ணைத் திறந்து அதற்குள் ஒரு தடவை பார்த்தார். அதை நான் மட்டும்தான் கவனித்திருப்பேன்.

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "தொவட்டுங்க. சளி புடிக்கும்." பிறகு உள்ளே திரும்பி, "கெட்டி மேளம் அடிங்கய்யா!" என்றார்.

நான் தாலி கட்டும்போது எல்லாரும் எங்கள் மேல் அட்சதை போட்டார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் போட்டதெல்லாம் ஈரமாக நின்ற டிரசர் மேலேயே ஒட்டிக்கொண்டது. அவர்தான் மாப்பிள்ளை போல இருந்தார்.

பந்தி முடிந்து தனியாக அகப்பட்டபோது கேட்டேன். "ஐயா, நெசமாவே கண்ணு இருக்கா?"

"ஒரு தட்டுல கூட வளரல தம்பி" என்றார். வெற்றிலையை மென்றார். "அந்தப் புள்ள அழுவுது. அங்க நின்னு ஆராய்ச்சி பேசுறவன் மனுசனாலா?"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மங்குஸ்தீன் காய்க்கக் காத்திருந்து, சாக்கைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாக ஏறி இறங்கி, இன்னொரு தோம்பு இறக்கினார். அதைக் கோலாலம்பூருக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, முடிவு கேட்கப் போன அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தார். "வந்திருச்சிலா! அவுங்க தட்டுலயும் வளையம் வந்திருச்சி!" தொட்டிலில் தூங்கிய என் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு அவர் சுற்ற, அவள் அலற, சரசு சிரிக்க, வீடே ரெண்டுபட்டது. இது மருந்தாக இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது என்றும் அந்த ஆராய்ச்சிக்காரர் சொல்லியிருக்கிறார். டிரசர் காதில் வளையம் வரைக்கும்தான் விழுந்திருந்தது.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சரசு திருஷ்டி சுற்றியதே இல்லை. "எல்லாத்தையும்தான் அன்னிக்கே அவரு வாங்கிக்கிட்டாரே" என்பாள். வெள்ளிக்கிழமையானால் டிரசர் பெயரைச் சொல்லித்தான் ஓர் எலுமிச்சையைச் சுற்றி, முச்சந்தியில் வெட்டிப் போட்டுவிட்டு வருவாள். மறுநாள் காலையில் அதையும் அவரே பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போவார். யாருக்குச் சுற்றியது என்று நாங்கள் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது ரவாங்கில் இருக்கிறோம். டிரசர் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. சரசு இன்னும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை காலையில் நடக்கப் போகும்போது பார்க்கிறேன், ரெண்டு பாதியும் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிப்பதில்லை.